அரைப்புள்ளிக்கு முன்னால் என்ன இருக்கிறது? யூ-கி-ஓவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பையன்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் டீயும் வர்க்கியுமாக யூ-கி-ஓ என்ற சீட்டு விளையாட்டு நடக்கும். போன வாரம் ஒன்பதாவது படிக்கும் தம்பி ஒருவன், நான் விளையாடத் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறைச் செய்தான். லைஃப் பாயிண்டைத் தப்பாகக் கழிப்பது, கார்டு எடுக்க மறப்பது எல்லாம் பத்து ஆட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். இது ஆகாது.

காஸ்ட்டை எஃபெக்ட் என்று படிப்பது

'ரைகெக்கி பிரேக்' என்ற டிராப் (பொறி) கார்டு சொல்வது இவ்வளவுதான்: ஒரு கார்டை டிஸ்கார்ட் செய்து (கையிலிருந்து கழித்து), களத்தில் ஒரு கார்டைக் குறிவை; அதை அழி. அரைப்புள்ளிக்கு (;) முன்னால் உள்ளதெல்லாம் கார்டை இயக்கும்போதே முடிந்துவிடும். அங்கே கொடுக்கும் விலைதான் காஸ்ட்; இந்தக் கார்டில் அது டிஸ்கார்ட். பின்னால் உள்ளது மட்டுமே எஃபெக்ட், அதாவது கார்டின் விளைவு. இருவரும் அடுத்தடுத்து இயக்கிய கார்டுகளின் வரிசையான செயின் தீரும்போது அது நடக்கும்.

தம்பி டிஸ்கார்ட் செய்தது கிராஃபாவை. கார்டு எஃபெக்டால் டிஸ்கார்ட் ஆனால், எதிராளியின் ஒரு கார்டை அழிக்கும் டிராகன் அது. "ரெண்டு கார்டு காலிண்ணா!" என்றான். இல்லை, ஒன்றுதான். கிராஃபா காஸ்ட்டாகப் போனது, எஃபெக்டால் போகவில்லை. 'டார்க் வேர்ல்டு டீலிங்ஸ்' எடுத்துப் பாருங்கள்: இருவரும் ஒரு கார்டு எடுத்து, பிறகு ஒன்றை டிஸ்கார்ட் செய்ய வேண்டும். அதில் அரைப்புள்ளியே இல்லை, முழுக்க எஃபெக்ட். அங்கே கிராஃபா வேலை செய்யும். இந்த வேறுபாடு தெரியாமல் கிராஃபா போன்ற கார்டுகளை வைத்து டார்க் வேர்ல்டு டெக் (சீட்டுக்கட்டு) கட்டுவது வீண்.

அடுத்து எதிரே இருந்தவன் 'செவன் டூல்ஸ்' இயக்கினான். 1000 லைஃப் பாயிண்ட் கட்டி டிராப்பை ரத்து செய்தான். இவன் சட்டென்று கிராஃபாவைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான். எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். ரத்தானாலும் கட்டியது கட்டியதுதான். எதிராளியின் 1000மும் திரும்பி வராது. கோத்தகிரியில் ஒருமுறை நானும், காஸ்ட் திரும்பி வர வேண்டும் என்று அரைமணி நேரம் பிடிவாதமாகப் பேசினேன். அன்று எதிரே உட்கார்ந்திருந்த நண்பன் அதன்பிறகு என்னோடு விளையாட வரவேயில்லை.

பழைய அச்சை நம்புவது

இந்த வாசக முறை 2011இல்தான் வந்தது. அதற்கு முந்தைய அச்சில் அரைப்புள்ளியைத் தேடாதீர்கள். கொனாமியின் கார்டு தளத்தில் இப்போதைய வாசகம் இருக்கும்.

மேஜிக் பழக்கத்தோடு வருவது

'மேஜிக்' என்ற இன்னொரு சீட்டு விளையாட்டில் முக்காற்புள்ளிக்கு (:) முன்னால் இருப்பது காஸ்ட். இங்கே அது எப்போது இயக்கலாம் என்கிற நிபந்தனை. 'செவன் டூல்ஸ்' கார்டிலேயே மூன்றும் வரிசையாக உண்டு: டிராப் இயக்கப்படும்போது, அப்புறம் முக்காற்புள்ளி, 1000 கட்டு, அப்புறம் அரைப்புள்ளி, கடைசியில் ரத்து.

கட்ட முடியாத காஸ்ட்

ஒரு கார்டை டிஸ்கார்ட் செய்யக் கேட்கும் 'ட்வின் ட்விஸ்டர்ஸ்' மட்டும் கையில் இருந்தால் இயக்க முடியாது. அதையே அதற்குக் காஸ்ட்டாகக் கொடுக்க முடியாது.

தம்பி இப்போது அரைப்புள்ளி வரை உரக்கப் படிக்கிறான். டிஸ்கார்டைக் கல்லறையில் (கழித்த கார்டுகள் போகும் இடம்) வைத்து, கையை எடுத்த பிறகுதான் "செயின் இருக்காண்ணா?" என்று கேட்கிறான்.