வீட்டுல தெலுங்கு வயல்ல தமிழ்: ரெண்டு மொழி ஊரோட வார்த்தைகள எப்படி சேத்து வைக்கிறது

எங்க ஊரு வேதாரண்யம் பக்கம், கடைமடை, காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். ஜூன் 12 மேட்டூர் அணை தொறந்தாலும் எங்க வாய்க்கா நனையறதுக்குள்ள பாதி பேரு நேரடி விதைப்பே முடிச்சிருப்பாங்க. கோடியக்கரையில நின்னா தெக்கால கடலுக்கு அந்தாண்ட யாழ்ப்பாணம், நடுவுல 1974லயும் 1976லயும் போட்ட ஒப்பந்தப்படி எல்லைக்கோடு. ஊர்ல கொஞ்சம் வீடு தெலுங்கு பேசுற வீடு, தஞ்சாவூர நாயக்கருங்க ஆண்டப்போ வந்தவங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பேசத்தான் தெரியும், எழுத்து யாருக்கும் தெரியாது, இப்ப புள்ளைங்க பேசறதும் கொறஞ்சு போச்சு. உங்க ஊரும் இப்படின்னா வார்த்தைகள சேத்து வைக்கிற வேலைய இந்த வருஷமே ஆரம்பிச்சுடுங்க.

முதல்ல நேரம். நடவு, அறுப்பு நேரத்துல யார்கிட்டயும் போய் நிக்காதீங்க. மாசி பங்குனியில சம்பா அறுத்து முடிஞ்சு உளுந்து பயிறு நிக்கும்போது சாயங்காலம் திண்ணையில ஆள் கிடைப்பாங்க. இல்லன்னா கார்த்திகை அடைமழையில போங்க, வேலைக்கு போக முடியாம எல்லாரும் வீட்லதான் இருப்பாங்க.

"இதுக்கு தெலுங்குல என்ன?"ன்னு கேட்டு உக்காந்தா ஒண்ணும் வராது, நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், எங்க அவ்வா, அதாவது பாட்டி, பத்து வார்த்தை சொல்லிட்டு "அவ்ளோதான்டா"ன்னுட்டாங்க. அதுக்கப்புறம் ஒருநாள் பழைய கதிரருவாள தேடி எடுத்து கையில குடுத்தேன். கொடவலின்னு சொல்லிட்டு புடிய தடவிப் பாத்தாங்க, எப்படி குனியணும், எத்தன கைப்புடி சேந்தா ஒரு கட்டு, ஈரக் கட்டு தலையில எப்படி கனக்கும்னு ஒரு மணி நேரம் தெலுங்குலயே பேசினாங்க, கட்டு எண்ணும்போது மட்டும் ஒகட்டி ரெண்டு மூடுன்னு விரல் தானா மடங்குது. பொருள கையில குடுங்க, வேலைய செஞ்சு காட்ட சொல்லுங்க, வார்த்தை வேலையோடதான் ஒட்டிக்கிட்டிருக்கு.

அதனால எதுல ஆரம்பிக்கணும்னா, நின்னு போன வேலையிலதான். அறுப்பு மெஷின் வந்தாச்சு, அப்ப கையறுப்பு, கட்டு கட்டறது, களத்துல அடிக்கிறது, தூத்தறது இதெல்லாம் முதல்ல. சமையல், சொந்தபந்த வார்த்தை எல்லாம் இன்னும் வீட்ல ஓடிட்டிருக்கு, அத மெதுவா எடுத்துக்கலாம்.

அடுத்தது எழுதறது, இங்கதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க. தமிழ் எழுத்துல எழுதுங்க, பரவால்ல, ஆனா ga, da, ba மாதிரி அழுத்தி சொல்ற சத்தத்துக்கு தமிழ்ல தனி எழுத்து கிடையாதுல்ல. வைக்கோலுக்கு தெலுங்குல ஒரு வார்த்தை, கெட்டியானதுக்கு இன்னொரு வார்த்தை, வாயில ரெண்டும் வேற வேற, பேப்பர்ல எழுதினா ரெண்டும் "கட்டி". கிணத்துக்கு சொல்ற வார்த்தைய எழுதினா "பாவி"ன்னு ஆயிடும், நாளைக்கு பேத்தி படிச்சா திட்டுன்னு நினைச்சுக்கும். நான் அழுத்தி சொல்ற எழுத்துக்கு கீழ ஒரு கோடு போடறேன், அது போதும். நோட்டுல மூணு பத்தி, தெலுங்கு வார்த்தை, நம்ம ஊர் பேச்சுத் தமிழ், அப்புறம் அவங்க சொன்ன முழு வாக்கியம். மூணாவது இல்லாம எழுதவே எழுதாதீங்க. எங்க வீட்ல "குப்ப"ன்னா அறுத்து அடுக்கின நெல்லுப் போரு, வாக்கியம் இல்லன்னா படிக்கிறவங்க குப்பைன்னுதான் நினைப்பாங்க.

கலந்து பேசறத திருத்தாதீங்க. தெலுங்கு வாக்கியத்துக்கு நடுவுல மதகு, கருக்கா (பதரு), "மா"ன்னு தமிழ் வரும், வரட்டும். மூணு மா ஒரு ஏக்கர்ங்கிற கணக்கு இந்த மண்ணோடது, அதுக்கு தெலுங்கு தேடி போனா நீங்களே ஒண்ண செஞ்சு வைப்பீங்க.

கடல் பக்கத்து வார்த்தையையும் விட்டுடாதீங்க. வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு நாலு காத்துக்கும் பேரு இருக்கு, யாழ்ப்பாணக் கரையிலயும் அதே பேருதான். ஆனா அங்க கச்சான்னா நிலக்கடலையும்தான், இங்க அது கடலை. இலங்கை வானொலி கேட்டு வளந்த பெரியவங்ககிட்ட இத கேட்டீங்கன்னா பேச்சு எங்கெங்கயோ போகும், போகட்டும், ஃபோன்ல ரெக்கார்டு ஓடிட்டே இருக்கட்டும். ஓடுதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. சொத்துத் தகராறு, அடுத்த வீட்டுக் கதை வந்தா அந்த இடத்த அழிச்சிடுங்க.

ஒவ்வொரு ரெக்கார்டும் அன்னிக்கே இன்னொரு ஃபோனுக்கு அனுப்பிடணும், இத கெஞ்சி கேட்டுக்கறேன். அவ்வா கொடவலிய புடிச்சு பேசினது என் ஒரே ஃபோன்லதான் இருந்துச்சு, டிஸ்ப்ளே மாத்த ஒரு கடையில குடுத்தேன், எல்லாத்தையும் அழிச்சு புதுசாக்கி குடுத்துட்டாங்க. மறுபடி கேக்கலாம்னு இருந்தேன், அந்தத் தைக்குள்ள அவ்வா போயிட்டாங்க. அவங்க பேசின அன்னிக்கு ராத்திரி நோட்டுல எழுதின நாலு பக்கம்தான் மிச்சம், அதுல கீழ் கோடு கூட போடல.

இப்ப அந்த நாலு பக்கத்த எடுத்துக்கிட்டு எங்க பெரியத்தை வீட்டுக்கு போயிட்டிருக்கேன். ஒவ்வொரு வார்த்தையா படிக்கிறேன், அத்தை சரியா சொல்லிக் காட்டறாங்க, நான் கோடு போடறேன். ரெண்டாம் பக்கம் முடிஞ்சிருக்கு.