மலை வீட்டுக்கு ஒரு பாட்டு சர்வர்: எதை வாங்குவது, எங்கே செலவழிப்பது

வீட்டில் இசை சர்வர் (பாட்டுகளைச் சேமித்து, மொபைலுக்கும் ஸ்பீக்கருக்கும் நெட்வொர்க் வழியாக அனுப்பும் கணினி) வைக்க வேகமான கணினி வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சிடி தரப் பாட்டு நொடிக்கு 1,411 கிலோபிட். தரம் குறையாமல் ஃப்ளாக் கோப்பாகச் சுருக்கினால் அதில் பாதி, கூடிப்போனால் முக்கால். பத்து வருடப் பழைய கணினிக்கே இது ஒரு வேலையில்லை. உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் சர்வரைச் சாகடிப்பவை வேறு மூன்று: போய்ப்போய் வரும் கரன்ட், சுவரில் ஏறும் ஓதம், சித்திரை மாத இடி. பணத்தை இந்த மூன்றுக்கும் ஒதுக்குங்கள். மிச்சத்தில் ப்ராசசர் வாங்கிக்கொள்ளலாம்.

டிஸ்க் எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு மணி நேர சிடி, சுருக்காமல் 635 எம்.பி.; ஃப்ளாக்கில் 350 முதல் 400. தமிழ்ப் படப் பாட்டு ஆல்பம் அரை மணி நேரம்தான் ஓடும் என்பதால் 200 எம்.பி.க்குள் அடங்கும். இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்று 1 ஜி.பி.யைத் தொடும். 320 கிலோபிட் எம்.பி.3 என்றால் மணிக்கு 144 எம்.பி. போதும். ஆக, 1 டி.பி. டிஸ்கில் நாலாயிரம் படங்களுக்கு மேல் கொள்ளும். சிடியைவிட நுணுக்கமான 24 பிட் கோப்புகளை விரும்பிச் சேர்ப்பவர்கள் மட்டும் 2 டி.பி.க்குப் போகலாம்.

எந்தப் பெட்டி?

பரணில் பழைய லேப்டாப் இருந்து, அதன் பேட்டரி அரை மணி நேரமாவது தாங்கினால், கடைக்கே போக வேண்டாம். யு.பி.எஸ். அதற்குள்ளேயே இருக்கிறது. செய்ய வேண்டியது இரண்டு. மூடியை மூடினாலும் தூங்கிவிடாதபடி அமைக்க வேண்டும். சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வரம்பு வைக்க வேண்டும், அந்த வசதி பயாஸிலோ (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) தயாரிப்பாளரின் மென்பொருளிலோ இருந்தால். வரம்பு வைக்காமல் வருடக்கணக்கில் முழு சார்ஜில் கிடக்கும் பேட்டரி உப்பும். டச்பேட் மேலெழும்பினால் அதுதான் அறிகுறி, உடனே கழற்றிவிடுங்கள்.

லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஒற்றைப் பலகைக் கணினியான ராஸ்ப்பெரி பை 4 (இனி ‘பை’), 2 ஜி.பி. மாடல் போதும். நேவிட்ரோம், லிரியன் மியூசிக் சர்வர் என்ற பாட்டு சர்வர் மென்பொருள்கள் இரண்டுமே அதில் சுகமாக ஓடும். 3 பி மாடலை இதற்கென்று தேடி வாங்க வேண்டாம்: அதில் நெட்வொர்க்கும் யு.எஸ்.பி.யும் ஒரே வழியைப் பகிர்கின்றன, பெரிய நூலகத்தை நகலெடுக்க ராத்திரி முழுக்க ஆகும்.

பையில் தகராறு வருவது பெரும்பாலும் அடாப்டரால்தான். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மொபைல் சார்ஜரையும் மெலிந்த கேபிளையும் மாட்டினால், டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கி, திரையில் மின்னல் குறி வரும்; டிஸ்க் தானாகத் துண்டிக்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறவர்கள் நிறைய. பை 4-ன் நாலு யு.எஸ்.பி. துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான், ஒரு டிஸ்குக்கு அது சரி, இரண்டாவதற்குத் தனி மின்சாரம் உள்ள ஹப் வேண்டும். பை 5-ஐ 3 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டினால் யு.எஸ்.பி.க்கு 600 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். அதற்குரிய 5 ஆம்பியர் அடாப்டரையே வாங்குங்கள்.

மூன்றாவது வழி, அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்னக் கணினி: டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி வகை. வீடியோவும் சேர்த்துத் தரும் ஜெல்லிஃபின் மென்பொருளை ஓட்ட நினைத்தால் இதுதான் சரி. வாங்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே பயாஸைத் திறந்து, கரன்ட் வந்ததும் தானாக எழும் அமைப்பு இருக்கிறதா பாருங்கள். டெல்லில் அதற்கு ஏ.சி. ரிக்கவரி என்று பெயர். அதை ஆன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்து மாட்டச் சொல்லுங்கள். எழாவிட்டாலும் தேதி பழையதாகக் காட்டினாலும் உள்ளே இருக்கும் சி.ஆர்.2032 பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது. சில ரூபாய் சமாசாரம்தான். ஆனால் மாற்றாவிட்டால் கரன்ட் போகும்போதெல்லாம் அமைப்பு மறந்து, ஒவ்வொரு முறையும் நீங்கள் போய் பட்டனை அமுக்க வேண்டும்.

பழைய டெஸ்க்டாப் டவர் மட்டும் வேண்டாம். சும்மா நிற்கும்போதே 60 வாட் இழுக்கும். இரண்டு மாதத்தில் 86 யூனிட். வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பங்கை அதுவே தின்றுவிடும். 10 வாட் சின்னக் கணினிக்கு 14 யூனிட், 5 வாட் பைக்கு 7.

கரன்ட்

ஆடிக் காற்றில் கற்பூர மரமோ சீகை மரமோ கம்பியில் சாய்ந்தால் அரை நாள் கரன்ட் இருக்காது, அதைத் தாங்கலாம். ஆபத்தானது, போய் ரெண்டு நொடியில் வந்து மறுபடி போகிறதே, அது. கணினி எழுந்து டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது வெட்டு விழுகிறது.

600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. காகிதத்தில் 84 வாட்-மணி. மாற்றும்போது ஆகும் இழப்பு போக, சர்வரும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாட் என்றால், புதிதில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நிற்கும். மார்கழிக் குளிரில் ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதால் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். யு.எஸ்.பி. துளை உள்ள யு.பி.எஸ். கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்குங்கள்: பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணையும். துளை இல்லாதது பேட்டரி தீர்ந்ததும் பட்டென்று விட்டுவிடும். வெட்டைத் தள்ளிப்போட்டதுதான் லாபம்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், பின்புறம் யு.பி.எஸ். மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். மற்ற மோடில் மாறும் நேரம் அதிகம். மின்விசிறிக்குத் தெரியாது, கணினி அணைந்து எழும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் சர்வர் ஓடும், ஆனால் ஆம்ப்ளிஃபயர் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும்.

லைனின் கடைசியில் இருக்கும் ஊர்களில் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும். 100–240 வோல்ட் என்று அச்சிட்ட அடாப்டருக்கு அது பொருட்டில்லை. ஆனால் யு.பி.எஸ். அதைக் கரன்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவி, விளக்கு எரியும்போதே தீர்ந்துபோகும். அப்படிப்பட்ட வீட்டில் அதற்கு முன்னால் ஸ்டெபிலைசர் அவசியம்.

இடிக்கு சர்ஜ் புரொடெக்டர் வாங்குகிறோம். எர்த் சரியில்லாவிட்டால் அதன் காப்பு பாதிக்கு மேல் போய்விடும். பாறை மேல் கட்டிய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். இடி கரன்ட் வழியாக மட்டும் வருவதில்லை. வீட்டிலிருந்து அவுட்ஹவுசுக்கு வெளியே இழுத்த நெட்வொர்க் கேபிள் வழியாக வந்து, இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைச் சேர்த்துக் கருக்கும். அந்த இடைவெளிக்கு ஃபைபர் அல்லது வைஃபை.

டிஸ்க்

இயங்குதளத்தை எஸ்.டி. கார்டில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சர்வர் தன் தரவுத்தளத்தையும் பதிவேடுகளையும் ஓயாமல் எழுதும். கரன்ட் வெட்டில் முதலில் சாவது கார்டுதான். பை 4 எஸ்.எஸ்.டி.யிலிருந்தே எழும். 1 டி.பி. போதுமென்றால் இயங்குதளம், பாட்டு எல்லாம் ஒரே சாட்டா எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். லினக்ஸில் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். கடையிலிருந்து வரும் எக்ஸ்ஃபாட்டில் ஜர்னல் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. நடுவில் கரன்ட் போனால் கோப்புப் பட்டியலே சிதையலாம்.

உயரத்தில் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும் என்றொரு பேச்சு உண்டு. டிஸ்கின் தலை காற்றுப் படலத்தில்தான் மிதக்கிறது, அது நிஜம். ஆனால் வழக்கமான டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பு சுமார் 3,050 மீட்டர். உதகை 2,240, தொட்டபெட்டா உச்சியே 2,637. பயப்பட வேண்டியது குளிருக்கு: பல போர்ட்டபிள் டிஸ்குகளுக்குக் குறைந்தபட்சம் 5 டிகிரி. உறைபனி விழும் தலைக்குந்தா பக்கம், தகர ஷீட் போட்ட வராந்தாவில் தை மாத அதிகாலை அதற்குக் கீழே போகும்.

இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டில் போட்டுவிட்டால் காப்பு ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இடி ரெண்டையும் சேர்த்தே எடுக்கும். இரண்டாவது டிஸ்கை மாதம் ஒருமுறை மாட்டி நகலெடுத்து, கழற்றி, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். முடிந்தால் கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். ஜெல் நிறம் மாறியதும் 110–120 டிகிரி அடுப்பில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

எங்கே வைப்பது

ராத்திரியில் அணைக்காதீர்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று அணைத்தால் பெட்டி குளிர்ந்து, காலையில் சமையல் ஆவி வந்து அதன் மேல் நீராகப் படியும். ஓடிக்கொண்டே இருந்தால் அந்த 5 வாட் சூடே உள்ளே ஈரத்தை அண்டவிடாது. வெளிப்புறக் கல் சுவரில் ஒட்டி வேண்டாம், தரையில் வேண்டாம், கணப்புக்கு மேலே புகைக்கரி படியும் இடத்திலும் வேண்டாம். உள் சுவரில், இடுப்புயர அலமாரியில், பின்னால் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். வெளியூரிலிருந்து குளிரில் வந்த கருவியை வீட்டுக்குள் மூன்று மணி நேரம் வைத்துவிட்டுத்தான் கரன்ட் கொடுக்க வேண்டும்.

பங்களாக்களின் ஒன்றரை அடிக் கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எளிதில் தாண்டாது, 2.4 பெரும்பாலும் தாண்டும், ஃப்ளாக்குக்கு அதுவே தாராளம். ஆனால் பைக்குப் பக்கத்தில் யு.எஸ்.பி. 3 டிஸ்க் இருந்தால் அதன் இரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும். எனவே சர்வரை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும், செம்பு பூசிய அலுமினியம் மடக்கினால் உள்ளே முறியும். ரவுட்டரில் சர்வருக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரன்ட் வந்த பிறகு மொபைல் செயலி சர்வரைத் தேடி அலையும்.

ஒலிக்கு: பை 4-ன் ஹெட்போன் துளை சுமார், பை 5-ல் அதுவும் இல்லை. யு.எஸ்.பி. டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) ஒன்று போடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் ம்ம் என்று இரைந்தால் அது எர்த் சுழற்சி; ஆப்டிகல் கேபிளில் இணைத்தால் அடங்கும். தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்துக்கு மட்டும் எந்த டாக்கும் மருந்தில்லை.

எல்லாம் மாட்டியாயிற்றா? இன்னும் பாட்டுகளை ஏற்றாதீர்கள். பத்து ஆல்பங்களை மட்டும் போட்டு, ஒன்றை ஓடவிட்டு, யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி, ஐந்து முறை பிடுங்கிப் பிடுங்கி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் யாரும் தொடாமல் எழுந்து, மூன்று நிமிடத்தில் மொபைலில் பாட்டு வர வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும் அடாப்டர், பயாஸ் அமைப்பு, டிஸ்க் கேபிள் என்ற வரிசையில் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரி தீரும்வரை விட்டுப் பார்ப்பதும் இதே சோதனைதான். மறுபடி சார்ஜர் வந்ததும் பட்டனை நீங்களே அமுக்க வேண்டியிருக்கலாம். தேறிய பிறகு யு.பி.எஸ்.ஸை இடையில் சேர்த்து, மொத்த நூலகத்தையும் நகலெடுக்கத் தொடங்கலாம்.