ஆண்டு முடிவில் ஆசிரியருக்குப் பரிசு: கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது?

ஆசிரியருக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பெற்றோருக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆண்டின் கடைசி வாரத்தில் பாதிப் பேர் கடைக்கு ஓடுவது பயத்தில்தான். "எல்லாரும் கொடுக்கிறார்களே, நாம் மட்டும் கொடுக்காவிட்டால் பிள்ளையை வேறு மாதிரி பார்ப்பார்களோ?" அந்தப் பயத்தோடு வாங்கிய பொருள் கொடுப்பவருக்கும் பாரம், வாங்குபவருக்கும் பாரம். உண்மையாகவே நன்றி சொல்லத் தோன்றினால் ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கு மேல் ஏதாவது செய்ய நினைத்தால், மதிப்பெண் வேலை எல்லாம் முடிந்த பிறகு, வகுப்பு முழுவதன் பெயரில், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியாதபடி செய்யுங்கள்.

முதலில் விதியைக் கேளுங்கள்

பள்ளிக் கையேட்டிலோ நாட்குறிப்பின் முன்பக்கங்களிலோ பரிசு பற்றிய விதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் கேளுங்கள். ஆசிரியரிடமே கேட்டுவிடாதீர்கள். "வேண்டாம்" என்று சொல்லவும் முடியாமல், "சரி" என்று சொல்லவும் முடியாமல் அவர் தவிப்பார். "ஆண்டு முடிவில் ஆசிரியருக்குப் பரிசு கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால் மதிப்பு வரம்பு உண்டா? வகுப்பாகச் சேர்ந்து கொடுப்பதற்குத் தனி விதி இருக்கிறதா?" இந்த மூன்று கேள்விகள் போதும்.

பல நாடுகளில் அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். ஆகவே அரசு ஊழியர் பரிசு வாங்குவதற்கான விதிகள் அவரையும் கட்டுப்படுத்தும். தென் கொரியாவில் 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, தனக்கு மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு ஒரு மாணவர் தனியாகப் பூ கொடுப்பதுகூடத் தவறு. மாணவர் பிரதிநிதி எல்லார் முன்னிலையிலும் கொடுக்கும் பூவுக்கு மட்டுமே இடம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒரு குடும்பத்திடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை வாங்கக்கூடாது. வகுப்பாகச் சேர்ந்து கொடுத்தால் ஆண்டுக்கு 150 டாலர் வரை வாங்கலாம். ஆனால் அது வகுப்பின் பரிசு என்பது மட்டுமே அவருக்குத் தெரியலாம், கொடுத்தவர் பெயரோ தொகையோ தெரியக்கூடாது. மிகச் சரியான யோசனை இது. யார் கொடுத்தார்கள் என்றே தெரியாத பரிசு எந்தப் பிள்ளை பக்கமும் ஆசிரியரைச் சாய்க்காது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் இந்த முறையையே கடைப்பிடியுங்கள்.

எப்போது, எங்கே

கடைசித் தேர்வுத் தாள் திருத்தி, மதிப்பெண் பதிவாகி, முடிவும் வெளியான பிறகுதான் கொடுக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாகக் கொடுத்தாலும் அதன் நிறமே மாறிவிடும். அதே ஆசிரியர் அடுத்த ஆண்டும் உங்கள் பிள்ளைக்கு வகுப்பெடுக்கப் போகிறாரா, தம்பியோ தங்கையோ அவரிடம் வரப்போகிறார்களா, பரிந்துரைக் கடிதம் ஏதாவது கேட்க வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காலையில் வாசலில் நின்று நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் அவர் கண் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கும். மாலையில் வகுப்பு காலியானதும் பெற்றோரே நேரில் கொடுப்பது நல்லது. வகுப்பு நேரத்தில் ஒரு பிள்ளை பளபளக்கும் பையோடு எழுந்து போவதை, கையில் ஒன்றும் இல்லாத பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையை எந்த ஆசிரியரும் விரும்புவதில்லை.

கடிதம்

ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தி வைப்பது இதைத்தான். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலான கடிதங்கள் "நீங்கள் சிறந்த ஆசிரியர், மிக்க நன்றி" என்று முடிந்துபோகின்றன. எந்த ஆசிரியருக்கும் பொருந்துகிற கடிதம் இவர் மனதில் நிற்காது. நிற்க வேண்டுமென்றால் அதில் நடந்த ஒன்று இருக்க வேண்டும்.

எழுத உட்காரும் முன் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வருஷம் எதைக் கற்றுக்கொள்ள ரொம்பக் கஷ்டமாக இருந்தது? மிஸ் அப்போது என்ன செய்தார்? மிஸ் அடிக்கடி சொல்லும் வார்த்தை எது? பதிலில் ஒன்று கட்டாயம் கடிதத்துக்கு உதவும். கடிதம் இந்த அளவு இருந்தால் போதும்:

"ஜூன் மாதம் கழித்தல் கணக்கு என்றாலே நோட்டை மூடிவிடுவாள். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் கடன் வாங்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். இப்போது வீட்டில் தம்பிக்கு அதே குச்சிகளை வைத்து இவளே சொல்லித்தருகிறாள். நன்றி."

மூன்று வாக்கியங்கள், அப்புறம் ஒரு நன்றி. என்ன தடுமாற்றம், ஆசிரியர் என்ன செய்தார், இப்போது என்ன மாறியது என்பதை இதே வரிசையில் எழுதுங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றியோ அடுத்த ஆண்டு செய்ய வேண்டிய உதவியைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட வேண்டாம். வேண்டுகோள் நுழைந்தால் அது மனுவாகிவிடும். சின்னப் பிள்ளை தானே எழுதிய அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதீர்கள். பென்சில் எழுத்து தேய்ந்து மங்கிவிடும், பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, பிரிவு, ஆண்டு நான்கையும் குறியுங்கள். பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது வெறும் "கவின்" என்ற கையெழுத்தை வைத்து எந்தக் கவின் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.

இதே கடிதத்தின் நகல் ஒன்றைத் தலைமை ஆசிரியருக்கும் அனுப்புங்கள். அந்த மேசைக்குப் புகார்தான் அதிகம் வரும். பெயர் சொல்லிப் பாராட்டி வந்த கடிதம் ஆசிரியரின் கோப்பில் சேர்ந்தால் அவருக்கு நிஜமாகவே பயன்படும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளாலும் இதைச் செய்ய முடியாது.

வகுப்பாகச் சேர்ந்து கொடுப்பதானால்

கடைசி நாளுக்கு நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் பணம் இருந்தால் அவர் நேர்மையானவராக இருந்தாலும் பேச்சு வரும். வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே ஒரு செய்தி: "விருப்பமுள்ளவர்கள், விருப்பமான தொகையை, இந்தத் தேதிக்குள் எங்கள் இருவரில் ஒருவரிடம் தரலாம். கொடுக்காவிட்டாலும் அட்டையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கும்." தேதிக்கு மூன்று நாள் முன் ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். தலைக்கு இவ்வளவு என்று தொகை குறிக்காதீர்கள்.

இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகும். ஒருவர் குழுவில் "நான் அனுப்பிவிட்டேன்" என்று போடுவார், அடுத்தவர் தொகையையும் சேர்த்துப் போடுவார், கொஞ்ச நேரத்தில் அது பட்டியலாகிவிடும். கையில் பணம் இல்லாத குடும்பம் அன்றிலிருந்து குழுவில் வாய் திறக்காது. ஆகவே முதல் செய்தியிலேயே "குழுவில் பதில் போட வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். செயலி வழியாக அனுப்பினால் பெயர் தெரியத்தான் செய்யும். அது வசூலிக்கும் இருவரோடு நிற்க வேண்டும். ரொக்கமாகத் தருபவர்களுக்குப் பெயர் எழுதாத உறை கொடுங்கள்.

வசூலானதற்குள் வாங்குங்கள், விதி சொல்லும் வரம்பையும் தாண்டாதீர்கள். போதவில்லை என்று மறுபடி கேட்காதீர்கள். 30 பிள்ளைகளில் 18 வீட்டார் கொடுத்திருந்தாலும் அட்டையில் 30 பெயரும் அகர வரிசையில் வரட்டும். முடிந்ததும் மொத்த வசூலையும் ரசீதின் படத்தையும் குழுவில் போடுங்கள், வீடுவாரிக் கணக்கு வேண்டாம்.

என்ன வாங்கலாம்

வகுப்பறையில் தீர்ந்துபோகும் பொருள்களை யோசியுங்கள்: நல்ல சிவப்புப் பேனாக்கள், வண்ண அட்டைகள், பலகைக்கான எழுதுகோல்கள். பல ஆசிரியர்கள் இவற்றைத் தங்கள் காசில் வாங்குகிறார்கள். வகுப்பு நூலகத்துக்குப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று புத்தகங்களும் நன்றாக இருக்கும். முதல் பக்கத்தில் வகுப்பும் ஆண்டும் எழுதிக் கொடுங்கள். பரிசுக் கூப்பன் பணத்துக்குச் சமம். பள்ளி அனுமதித்தால் மட்டும் வாங்குங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள்.

காப்பிக் கோப்பை வேண்டாம். ஆண்டுக்கு ஐந்து வந்தால்கூடப் பத்தாண்டில் ஐம்பது சேர்ந்துவிடும். வாசனைத் திரவியம், மெழுகுவத்தி சிலருக்குத் தலைவலியையும் ஒவ்வாமையையும் கிளப்பும். வீட்டில் செய்த பலகாரத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தொட்டிச் செடி விடுமுறையில் வாடிவிடும். பிள்ளையின் படம் பதித்த பொருளை வைத்துக்கொள்ளவும் முடியாது, தூக்கிப்போடவும் மனம் வராது. ரொக்கமும் நகையும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

பாட ஆசிரியர்கள், உதவியாளர், வண்டி ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரும் ஆண்டு முழுக்கப் பிள்ளையோடு இருந்தவர்கள்தான். பெரும்பாலும் வகுப்பு ஆசிரியரோடு எல்லாம் நின்றுவிடுகிறது. அட்டை எழுதும்போதே இவர்களுக்கும் எழுதிவிடுங்கள்.

ஆசிரியர் வேண்டாம் என்றால்

ஒருமுறை மறுத்தால் வற்புறுத்தாமல் உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "பரவாயில்லை மிஸ், கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அவருக்கும் நிம்மதி. பிறகு வேறொருவர் கையில் கொடுத்தனுப்புவதும், மேசையில் வைத்துவிட்டு நகர்வதும் அவரை விளக்கம் எழுத வைக்கும். ஆசிரியரே ஜாடையாகப் பரிசு கேட்டால் கொடுக்காதீர்கள். என்றைக்கு, என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அந்தக் குறிப்பை முடிவுகள் வெளியான பிறகு கொடுத்தால் பிள்ளையின் மதிப்பெண்ணோடு அதை யாராலும் முடிச்சுப்போட முடியாது.