சீட் கிடைக்கவில்லையா? சுயேச்சையாக மனு போடும் முன் இதைப் படியுங்கள்

தர்மபுரி நாலு ரோடு பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சட்டமன்றத் தேர்தல் வந்தால், கட்சியில் சீட் கேட்டுக் கொடுக்கிற விருப்ப மனுவுக்கு பயோடேட்டா அடிக்க ஒரு கூட்டம் வரும். நேர்காணலுக்குச் சென்னை போய்வந்து, பட்டியலில் பேர் இல்லாமல் அதில் சிலர் மறுபடியும் வருவார்கள். அமெரிக்காவில் கட்சிக்காக யார் நிற்பது என்பதற்கே தனியாக ஓட்டு நடக்கிறது. நம் ஊரில் தலைமை பட்டியல் போடும், கோபித்துக்கொண்டவர் சுயேச்சை ஆவார். அப்படிக் கோபித்துக்கொண்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, அதற்கு அப்புறம் வந்த விதி இது. நிற்கிற உங்களுக்குத் தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் சரி, வெளித்தொகுதி என்றால் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் கொடுத்தால் போதும். முன்மொழிகிற பத்துப் பேருக்கும் அதே தொகுதியில் ஓட்டு இருந்தே ஆக வேண்டும்.

ஒருவர் டெம்போவில் பத்துப் பேரைக் கூட்டி வந்து என் கடை வாசலிலேயே கையெழுத்து வாங்கினார். அதில் ஒரு அக்கா கல்யாணமாகி தர்மபுரிக்கு வந்து பல வருஷம் ஆகிறது. ஓட்டு மட்டும் அம்மா வீட்டில், காரிமங்கலத்தில். அது பாலக்கோடு தொகுதி. பரிசீலனை அன்று மனு தள்ளுபடி. மனு போட்டவர் என்னைத்தான் திட்டினார். நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை, திட்டு நியாயம்தான்.

அதனால் வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். கடைசியாக வெளியான பட்டியலை எடுத்து, பாகம் எண், வரிசை எண் இரண்டையும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். கைநாட்டு வைக்கிற பெரியவர் இருந்தால் வீட்டிலேயே உருட்டி வாங்கி வராதீர்கள், செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னாலோ, தேர்தல் ஆணையம் அதற்குக் குறிப்பிட்ட அதிகாரி முன்னாலோதான் வைக்க வேண்டும்.

ஒரு தொகுதிக்கு நான்கு மனு வரை போடலாம், டெபாசிட் ஒன்றுதான். பலருக்கு இது தெரிவதில்லை. முடிந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பத்துப் பேரைப் பிடியுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்.

டெபாசிட் 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5,000. அரூர், ஊத்தங்கரை தனித் தொகுதிகள், அங்கே சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஒரு ரூபாய் நாணயமாகக் கொட்டி டிவியில் வர ஆசைப்பட்டால் காலையிலேயே போய்விடுங்கள். 11 மணி முதல் 3 மணி வரைதான் மனு வாங்குவார்கள், எண்ணுகிறவர் அவசரப்பட மாட்டார்.

தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, மனு போடுவதற்கு ஒரு நாளாவது முன்பு திறந்திருக்க வேண்டும். சொத்து, வழக்கு விவரமெல்லாம் எழுதுகிற படிவம் 26 பிரமாணப் பத்திரத்தை நோட்டரி முன் கையெழுத்திடுங்கள். அதில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, கோடும் இழுக்கக் கூடாது. நிலம் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். வழக்கு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மனு கொடுத்ததும் உறுதிமொழி எடுக்கவும் மறக்காதீர்கள், பரிசீலனைக்கு முந்தின நாளுக்குள் அது முடிந்திருக்க வேண்டும்.

செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வராவிட்டால் டெபாசிட் திரும்பாது. அந்த வருத்தத்தில் செலவுக் கணக்கை விட்டுவிடாதீர்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் நிற்கவே முடியாதபடி தகுதி நீக்கம் செய்யலாம். பில் எல்லாவற்றையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்வது என் கடை வியாபாரத்துக்காக மட்டும் இல்லை.