சின்னக் குழந்தைக்குச் சின்னப் பிராணி: இந்தக் கணக்கிலேயே தவறு இருக்கிறது

"நாய் கடிக்கும், பூனை பிறாண்டும். பேசாமல் ஒரு முயல் குட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம்." மூன்று, நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் செல்லப்பிராணிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். குழந்தையும் சிறியது, முயலும் சிறியது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும் என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. உண்மையில் சிறிய உடம்பு என்றால் எளிதில் முறியும் உடம்பு, எளிதில் மிரளும் உயிர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கென்று முயல் வாங்காதீர்கள். முயல் மீது ஆசைப்பட்டுப் பெரியவர்களே வளர்க்கும் வீட்டில் சின்னக் குழந்தையும் இருந்தால், அது வேறு. அங்கே இரண்டும் நன்றாகவே வாழலாம். அந்த முயல் யாருடைய பொறுப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தூக்கிக் கொஞ்சவிடுவது

இதைவிடப் பெரிய தவறு இல்லை. முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் விலங்கு. காட்டில் அதன் கால் தரையை விட்டு மேலே எழும்பினால் ஏதோ ஒன்று அதைப் பிடித்துவிட்டது என்று பொருள். வீட்டில் பிறந்து வளர்ந்த முயலுக்கும் அந்த அச்சம் ரத்தத்திலேயே இருக்கிறது. அதனால் தூக்கியதும் பின்னங்கால்களை வேகமாக உதைத்துத் திமிறும்.

அந்த உதை சாதாரணமானது அல்ல. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் சுமார் 8 சதவீதம்தான், பூனைக்கு அது 12 அல்லது 13 சதவீதம். எலும்பு அவ்வளவு லேசு, பின்னங்கால் தசையோ மிக வலிமையானது. இடுப்புக்குக் கீழே தாங்கல் இல்லாமல் பிடித்திருக்கும்போது முயல் உதைத்தால், அதன் பலமே அதன் முதுகெலும்பை முறித்துவிடும். கீழே விழக்கூட வேண்டியதில்லை. முறிந்தால் பின்னங்கால்கள் செயலிழந்துபோகலாம். மூன்று வயதுக் குழந்தையின் கையை நினைத்துப் பாருங்கள். நழுவுகிறது என்று தெரிந்தால் அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும், அல்லது நகம் கீறிய வலியில் சட்டென்று விட்டுவிடும். இரண்டுமே ஆபத்து. குழந்தையிடம் குற்றம் இல்லை. அந்த வயதில் கைக்கு அவ்வளவு கட்டுப்பாடு வந்திருக்காது.

மாற்று வழி எளிமையானது. குழந்தை தரையில் உட்கார வேண்டும், முயல் தானாக வர வேண்டும். வந்தால் நெற்றியிலிருந்து காதுகளுக்குப் பின்னால் வரை மெதுவாக வருடலாம். மூக்குக்கு நேரே கையை நீட்டக் கூடாது. முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், ஆனால் சொந்த மூக்கின் முன்னால் இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. திடீரென்று அங்கே ஒரு விரல் வந்தால் மிரண்டு கடிக்கும். காதைப் பிடித்துத் தூக்குவதை யாரும், எந்த வயதிலும் செய்யக் கூடாது.

சத்தம் போடவில்லை, அதனால் பிடித்திருக்கிறது என்று நினைப்பது

நாய் உறுமும், பூனை சீறும். "போதும், விடு" என்பதைக் குழந்தைக்கும் புரியும்படி சொல்லிவிடும். முயல் பெரும்பாலும் சத்தமே போடாது, பயந்தால் அப்படியே உறைந்துபோகும். காதுகளை முதுகோடு ஒட்டி, கண்கள் பிதுங்க, உடம்பைத் தரையோடு அழுத்திக்கொண்டு அசையாமல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு சாதுவாக இருக்கிறது பார்" என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

முயலை மல்லாக்கப் படுக்கவைத்தால் அது கண் திறந்தபடி அசையாமல் கிடப்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அது தூக்கமும் இல்லை, சுகமும் இல்லை. பிடிபட்ட விலங்கு செத்ததுபோல் கிடக்கும் நிலை அது. குழந்தைக்கு வேடிக்கை காட்ட இதைச் செய்யாதீர்கள்.

குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க எளிதான அடையாளம் ஒன்று உண்டு. முயல் பின்னங்காலால் தரையில் "டப்" என்று அடித்தால் அது எச்சரிக்கை, நாம் விலகிவிட வேண்டும். காற்றில் துள்ளி உடம்பை முறுக்கிக் குதித்தால் மகிழ்ச்சி. அந்தத் துள்ளலைப் பார்க்க வேண்டுமானால் முயலுக்கு ஓட இடம் வேண்டும். நாளெல்லாம் கூண்டில் கிடக்கும் முயல் அதைக் காட்டவே காட்டாது.

"குழந்தைக்குப் பொறுப்பு வரும்"

நல்ல எண்ணம்தான். ஆனால் நன்றாகப் பராமரித்த முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். மூன்று வயதில் ஆசையாகக் கேட்ட பிள்ளை பதின்மூன்று வயதுவரை அதே ஆசையோடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு காரணம் உண்டு, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முயல் தன் நோயை மறைத்துக்கொள்ளும். நோயுற்ற இரை விலங்கு முதலில் பிடிபடும் என்பதால் அப்படிப் பழகியிருக்கிறது. அதன் குடல் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும், வாந்தி எடுக்கவும் முயலுக்கு முடியாது. அரை நாள் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாளை பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போய்விடலாம். நேற்றைவிட இன்று புழுக்கை சிறுத்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க ஒரு பெரியவர் வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பது, கீரையைப் பொறுக்கித் தருவது போன்ற உதவிகளைக் குழந்தை செய்யட்டும். அது மறந்துபோனால் ஓர் உயிர் பட்டினி கிடக்கும் என்ற நிலை மட்டும் இருக்கக் கூடாது.

கேரட்டும் பிஸ்கட்டும்

படக் கதைகள் செய்த குழப்பம் இது. முயலின் முதன்மை உணவு உலர்ந்த புல். உண்பதில் பெரும்பங்கு அதுவாகவே இருக்க வேண்டும், கூடவே கொஞ்சம் பச்சைக் கீரை. கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். நாரான புல்லை மென்று தேய்க்காவிட்டால் பல் நீண்டு வாயையே கிழித்துவிடும். குழந்தைகள் தங்கள் பிஸ்கட்டையும் ரொட்டியையும் பாசத்தோடு ஊட்டுவார்கள், அது குடலைக் கெடுக்கும். ஊட்டும் ஆசைக்கு ஒரு கீரைத் தண்டைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: குழந்தைக்கு வாங்கிய மருந்தை முயலுக்குக் கொடுக்கவே கூடாது. அமாக்ஸிசிலின், பென்சிலின் வகைக் கிருமிக்கொல்லி மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலுக்கும், எலி இனத்தைச் சேர்ந்த சிறு செல்லப்பிராணிகளான கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் இரண்டுக்கும் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து மரணம்வரை போகும். முயலைக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், நனைந்தால் உடல் குளிர்ந்து அதிர்ச்சியில் துவண்டுவிடும்.

துணை கொடுப்பதிலும் ஒரு கணக்கு

முயல் கூட்டமாக வாழும் விலங்கு, தனியாக வைத்தால் ஏங்கும். அதற்காக ஆணும் பெண்ணுமாக இரண்டை அப்படியே வாங்கி வைத்தால் நான்கைந்து மாதத்திலேயே இனப்பெருக்கம் தொடங்கிவிடும். கர்ப்பகாலம் வெறும் 31 நாள், குட்டி போட்ட அன்றே மறுபடியும் கருத்தரிக்க முடியும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்த ஜோடியே நல்லது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மிக அதிகம்.

முயல் இல்லையென்றால் வேறு ஏதாவது என்று தாவுவது

ஹாம்ஸ்டர் இரவில் விழித்திருக்கும் உயிர். குழந்தை விளையாடும் பகல் நேரத்தில் அது உறங்கும், எழுப்பினால் கடிக்கும். ஹாம்ஸ்டர், எலி வகைகளில் கர்ப்பிணியின் கருவைப் பாதிக்கக்கூடிய ஒரு வைரஸ் இருக்க வாய்ப்புண்டு. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அம்மா மறுபடியும் கருவுற்றிருக்கலாம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சிற்றாமையும் கோழிக்குஞ்சும் பார்க்க அழகு. ஆனால் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்துகொண்டே நோயில்லாமல் திரியக்கூடியவை. குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோயுற்றதால், அமெரிக்காவில் ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பது 1975 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஊர்வன, தவளை, கோழிக்குஞ்சு ஆகியவற்றைத் தொட வேண்டாம் என்பதே அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரையும்.

இந்த வரிசையில் கினிப் பன்றி கொஞ்சம் பரவாயில்லை. முயலைவிட நிதானமானது, கடிப்பது அரிது, பசித்தால் கீச்சிட்டுக் கேட்கும். குழந்தைக்கு அது "பேசும்" பிராணி. ஆனால் அதற்கும் தூக்குவது பிடிக்காது, ஜோடி இல்லாமல் இருக்கவும் முடியாது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப் பன்றியைத் தனியாக வளர்ப்பதே சட்டப்படி தவறு. அதன் உடம்பு வைட்டமின் சி தயாரிக்காது என்பதால் அதை உணவிலேயே தினமும் கொடுக்க வேண்டும்.

எந்தப் பிராணியானாலும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கூடாது. படர்தாமரை முயலிடமிருந்தும் தொற்றும்.

முயல் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா?

பதற வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிட அவசரப்படவும் வேண்டாம். முதலில் அதற்கு இரண்டு வாசல் உள்ள ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். அதற்குள் முயல் போய்விட்டால் யாரும் கை விடக் கூடாது, எட்டிக் கூப்பிடவும் கூடாது. இந்த ஒரே விதியைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள், மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். குழந்தையும் முயலும் ஒரே அறையில் இருக்கும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்திருங்கள், கைபேசி இல்லாமல். முயல் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால் அந்த நேரத்தில் பத்து நிமிடம் போதும். முதல் சில நாள் அது பெட்டியை விட்டு வராமலே இருக்கலாம். பிறகு ஒரு நாள் மெல்ல வந்து, நீட்டிய குட்டிப் பாதத்தை முகர்ந்துவிட்டு ஓடிவிடும்.

அந்தக் குழந்தை உங்கள் பக்கம் திரும்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, "என்கிட்ட வந்துச்சு" என்று ரகசியமாகச் சொல்லும்.