கரிம வேதியியல் வினைவழிமுறைகளைப் பயிலும் முறை

கண்டறிந்தவர்களின் பெயரால் வழங்கும் பெயர் வினைகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்பவர், தேர்வில் சற்றே மாற்றித் தரப்பட்ட மூலக்கூறைக் கண்டதும் திகைத்து நின்றுவிடுகிறார். எலக்ட்ரான் எங்கே மிகுந்துள்ளது, எங்கே குறைந்துள்ளது, எந்த வழியே நகரும் என்று கேட்கப் பழகியவருக்கோ அதே மூலக்கூறு முன்பே அறிமுகமானதாகத் தெரியும். ஆகவே வினைகளின் பட்டியலைச் சற்று ஒதுக்கிவைத்து, எலக்ட்ரான் இரட்டையின் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புக்குறியைப் பிழையின்றி வரைவதில் முதல் சில வாரங்களைச் செலவிடுங்கள்.

அம்புக்குறி தனித்த எலக்ட்ரான் இரட்டையிலிருந்தோ ஒரு பிணைப்பிலிருந்தோ புறப்பட்டு, அந்த எலக்ட்ரான்கள் சென்று சேரும் இடத்தில் முடிய வேண்டும். புரோட்டானிலிருந்து ஆக்சிஜனை நோக்கி அம்பு வரைவது மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் பிழை. கொடுப்பதற்குப் புரோட்டானிடம் எலக்ட்ரானே இல்லை. ஒவ்வொரு படியின் முடிவிலும் எந்தக் கார்பனுக்காவது ஐந்து பிணைப்புகள் வந்துவிட்டனவா, இருபுறமும் மொத்த மின்சுமை சமமாக உள்ளதா என்று பார்த்தால் பெரும்பாலான தவறுகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

எத்தில் அசிட்டேட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு நீராற்பகுக்கும் வினையை எடுத்துக்கொள்வோம். ஹைட்ராக்சைடு இணைந்ததும் எத்தாக்சைடு ஒரே படியில் வெளியேறுவதாகப் பலர் வரைகிறார்கள். உண்மையில் ஹைட்ராக்சைடு கார்போனைல் கார்பனுடன் இணையும்போது இரட்டைப் பிணைப்பின் பை எலக்ட்ரான்கள் ஆக்சிஜனுக்கு நகர்ந்து, நான்முகி வடிவ இடைநிலைப்பொருள் உருவாகிறது. பின்னர் அந்த எலக்ட்ரான்கள் திரும்பி வந்து இரட்டைப் பிணைப்பை மீண்டும் அமைக்கும்போதுதான் எத்தாக்சைடு விலகி, அசிட்டிக் அமிலம் உருவாகிறது. வினை இதோடு முடிவதில்லை. அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு (அமில வலிமையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் வலிமையானது) 4.76, எத்தனாலுடையது ஏறத்தாழ 16 என்பதால், காரக் கரைசலில் அந்த அமிலம் அமிலமாகவே நீடிக்க முடியாது; அதன் புரோட்டான் உடனே பறிக்கப்பட்டு அசிட்டேட் அயனி கிடைக்கிறது. இந்தக் கடைசிப் படியே வினையைப் பின்னோக்கித் திரும்பவிடாமல் செய்கிறது. காரம் இங்கே வினையூக்கியாக இல்லாமல் செலவாகிவிடுவதற்கும், அமில ஊடகத்தில் இதே நீராற்பகுப்பு மீள்வினையாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டியது ஒன்று உண்டென்றால், என் கருத்தில் அது பிகேஏ மதிப்புகளின் சிறிய அட்டவணைதான். பீனாலுக்கு 10, அசிட்டோனுக்கு ஏறத்தாழ 20, முனைய ஆல்கைனுக்கு (கார்பன் சங்கிலியின் நுனியில் முப்பிணைப்பு கொண்டது) 25, அம்மோனியாவுக்கு 38 என்ற அளவில் நினைவிருந்தால், முனைய ஆல்கைனிலிருந்து புரோட்டானை நீக்கச் சோடியம் அமைடு போதும், சோடியம் ஹைட்ராக்சைடு போதாது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊடகத்தையும் கவனியுங்கள்: வலிமையான அமிலக் கரைசலில் நடக்கும் வினைக்கு வழிமுறை எழுதும்போது ஹைட்ராக்சைடோ எத்தாக்சைடோ தனித்த அயனியாகத் தோன்றினால், எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது.

ஒத்த வினைகளை எப்போதும் இணையாக வைத்துப் படியுங்கள். புரோமோமீத்தேனில் ஹைட்ராக்சைடு பின்புறமிருந்து தாக்க, புரோமைடு அதே கணத்தில் வெளியேறுகிறது. மூவிணைய பியூட்டைல் புரோமைடிலோ மூன்று மீத்தைல் தொகுதிகள் அந்த வழியை மறிக்கின்றன. ஆனால் அவையே கார்பன் நேரயனியை நிலைப்படுத்துவதால், நீர் கலந்த கரைப்பானில் புரோமைடு முதலில் பிரிந்துவிடுகிறது. முதல் வழியில் சீர்மையற்ற கார்பன் (நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கியது) இருந்தால் அதன் புறவெளி அமைப்பு தலைகீழாகிவிடும். இதைத் தாளில் மட்டும் பார்க்காமல், மூலக்கூறு மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வதும், வெற்றுத் தாளில் தாமாக எழுதுவதும் வேறு வேறு திறன்கள். ஒரு வழிமுறையைப் படித்ததும் நூலை மூடிவிட்டு முழுவதையும் எழுதுங்கள். தடைப்பட்ட படியை மட்டும் குறித்துக்கொண்டு, சில நாள் கழித்து வேறொரு மூலக்கூறில் அதே படியை எழுதிப் பாருங்கள்.