மேற்குச் சுவருக்கு ஒரு கொடித்தட்டி

வன்னியில் வீட்டுச் சுவர் கொதிப்பது மத்தியானத்தில் இல்லை, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான். உச்சி வெயில் கூரைக்குப் போகும். சாய்ந்த வெயில் மேற்குச் சுவரில் நேரே அடிக்கும். புளொக் கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்திருந்து, நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள்ளே விடும். மீள்குடியேறி வந்து விசுவமடுவில் வீடு கட்டியபோது எங்கள் வளவில் நிழலுக்கென்று ஒரு மரமும் மிஞ்சியிருக்கவில்லை. வைத்த வேம்பு கூரைக்கு மேலே எழும்ப வருடக்கணக்கு எடுத்தது. கொடி அப்படியில்லை. ஐப்பசியில் நட்டால் சித்திரை வெயிலுக்கு முன் சுவரை மறைத்துவிடும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள்: கொடி சுவரில் தொடக்கூடாது. நான் முதலில் சுவரடியிலேயே பாகல் நட்டு, தடிகளைச் சுவரில் சாத்திவிட்டேன். மழைக்குச் சுவர் ஊறிப் பூச்சு கழன்றது. தடி வழியே கறையான் ஏறிக் கூரைமரத்தைப் பிடித்தது. ஒரு கைமரத்தையே மாற்ற வேண்டி வந்தது. தம்புள்ளைக்கு அருகே கந்தலமவில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறந்த விடுதியைப் பாருங்கள். அதுவும் எங்களைப் போல வரண்ட பிரதேசந்தான். அங்கே கட்டடத்தின் முன்னால் நிற்கும் சட்டகத்தில்தான் செடிகொடிகள் படர்ந்து தொங்குகின்றன. எங்கள் தட்டியும், அதாவது கொடி படரும் சட்டகமும், அதே முறையில் சுவரை நம்பாமல் தன் காலில் நிற்க வேண்டும்.

1. சுவரைத் தெரிவு செய்தல்

இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு சுவரிலும் உட்பக்கமாக உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் உங்கள் சுவர். பெரும்பாலும் மேற்காகத்தான் இருக்கும். மாரி மழை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் மேற்குச் சுவர் அவ்வளவாக நனையாது என்பதும் நல்லதுக்குத்தான்.

2. கால் நடுதல்

சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, ஆறு அடிக்கு ஒன்றாக ஒன்றரை அங்குல இரும்புக் குழாய்களை நிறுத்துங்கள். இரண்டடி ஆழக் குழியில் கொங்கிறீற் போட்டு இறுக்க வேண்டும். ஆழத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். இலை மூடிய தட்டி பாய்மரம் போன்றது, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அதை முழுப் பலத்தோடும் தள்ளும். உயரம் கூரை விளிம்புக்கு ஓரடி கீழே முடியட்டும்.

குழாய்க்குக் காசு இல்லையென்றால் எங்கள் வேலிமுறையே போதும். கிளுவை அல்லது சீமைக்கிளுவைக் கதியால்களை (நட்டால் துளிர்க்கும் வேலித்தடிகளை) சுவரிலிருந்து நாலடி தள்ளி, மழை தொடங்கியதும் நடுங்கள். பட்ட தடியில் ஏறும் கறையான் உயிருள்ள கதியாலை இலகுவில் தொடாது. வருடத்தில் இரண்டு முறை தறித்து உயரத்தை மட்டுப்படுத்துங்கள், தழை ஆட்டுக்கு உதவும். பூவரசை மட்டும் இந்த இடத்தில் வைக்காதீர்கள், அது பெருத்துவிடும்.

3. கம்பியும் கயிறும்

குறுக்கே ஓரடிக்கு ஒரு வரிசை கட்டுக்கம்பி, மேலிருந்து கீழே தும்புக்கயிறு. பழைய மீன்வலை கரையோரத்தில் சும்மா கிடைக்கும்தான். ஆனால் சாரைப்பாம்பும் ஓணானும் அதில் சிக்கிச் சாகும். அந்த வேலை வேண்டாம்.

4. குழியும் தண்ணீரும்

தட்டிக்கு வெளிப்பக்கம் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி. அடியில் பொச்சுமட்டை அடுக்கி, மேல்மண்ணையும் மக்கிய மாட்டெருவையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். பொச்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வன்னியில் கொடி சாவது பெரும்பாலும் வைகாசிக்குப் பிறகு, கிணறு இறங்கும் காலத்தில். அதனால் ஒவ்வொரு குழியிலும் நடும்போதே ஒரு மண்முட்டியைக் கழுத்து வரை புதைத்துவிடுங்கள். வர்ணம் பூசாத முட்டியாக இருக்க வேண்டும். அதில் தண்ணீர் ஊற்றினால் மண் காயக் காய முட்டியின் சுவர் வழியே கசிந்து வேருக்குப் போகும். மேலே ஊற்றும் தண்ணீர் வெயிலில் பறப்பதுபோல இது பறக்காது. வாயைச் சிரட்டையால் மூடுங்கள். மூடாவிட்டால் நுளம்பு முட்டையிடும், டெங்கு வரும். பூநகரிப் பக்கம்போல உவர் கிணறு உள்ளவர்கள் மாரியில் கூரைப் பீலித் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பாவிப்பது நல்லது.

5. நடுகை

இரண்டு வகையைச் சேர்த்து நடுங்கள். பயற்றை, பீர்க்கு, பாகல் மூன்றும் இரண்டு மாதத்தில் ஏறிக் காய்க்கத் தொடங்கி, பிறகு ஓய்ந்துவிடும். அவற்றின் நிழலில் கோவையும் கொடித்தோடையும் மெல்ல வேர் பிடிக்கும். வரட்சிக்கு என் நம்பிக்கை கோவையில்தான். கீழே காய்ந்துபோனாலும் கிழங்கிலிருந்து திரும்பத் துளிர்க்கும். சமையலறைச் சுவராக இருந்தால் பசளி, படுக்கையறை யன்னலோரமாக இருந்தால் முல்லை. எங்கள் அம்மாவின் விருப்பம் முல்லை, ஆகவே எங்கள் வீட்டில் அதற்கு விவாதம் இல்லை. ஆல், அரசு எங்காவது முளைத்திருந்தால் அன்றே பிடுங்குங்கள். வெடிப்புக்குள் வேர் போனால் சுவர் பிளக்கும்.

இளங்கொடியை வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். மேல்கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விரியும்.

6. பராமரிப்பு

“பாம்பு வந்து படுக்கும் தம்பி” என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னது சரியான எச்சரிக்கை. நிலத்திலிருந்து ஓரடி உயரத்துக்கு இலைகளைக் கழித்து, சுவருக்கும் தட்டிக்கும் இடையிலுள்ள ஓடையைக் கூட்டி வையுங்கள். அந்த ஓடையால் காற்று ஓடுவதும் சுவர் குளிர ஒரு காரணம். மாதம் ஒருமுறை கூரைப் பக்கம் எட்டும் நுனிகளை வெட்டுங்கள். ஓட்டுக்குள்ளோ பீலிக்குள்ளோ கொடி நுழைய விடக்கூடாது. புரட்டாதியில் எல்லாவற்றையும் பாதியாகக் கழித்தால் மாரியில் சுவருக்கு வெளிச்சம் கிடைக்கும்.

தட்டி சரிவந்ததும் வீட்டின் கொங்கிறீற் மேல்தட்டிலும் மண் போட்டுப் புல் வளர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நாலங்குல ஈரமண் ஒரு சதுர மீற்றரில் 150 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அந்தப் பாரத்துக்குக் கட்டாத மேல்தட்டில் அதை ஏற்றாதீர்கள். முதலில் ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.